எல்லை தாண்டி வரும் வைரஸை யார் பிடிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் சிறு தொழிற்சாலைகளுக்கு நெட்வொர்க் அமைத்துப் பராமரிப்பது என் வேலை. அவ்வப்போது அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பும் எடுப்பேன். பாஸ்வேர்டு, பேக்கப் என்று பேச்சு தொடங்கும். அரை மணி நேரத்தில் யாராவது ஒருவர், "எங்கேயோ வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு செய்கிறவனை நம் ஊர் போலீஸ் எப்படி சார் பிடிக்கும்?" என்று கேட்டுவிடுவார். நியாயமான கேள்வி. அதையும் அதைத் தொடர்ந்து வரும் மற்றக் கேள்விகளையும் பதில்களோடு இங்கே தருகிறேன்.

வைரஸைத் தடுக்க ஒரு நாட்டு அரசு போதாதா? இத்தனை நாடுகளும் கம்பெனிகளும் ஏன் சேர வேண்டும்?

தாக்குகிறவன் ஒரு நாட்டில் இருப்பான். அவன் வாடகைக்கு எடுத்த சர்வர் இன்னொரு நாட்டில் இருக்கும். டொமைன் பெயரை, அதாவது இணைய முகவரியை, பதிவு செய்தது மூன்றாவது நாட்டில். பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கு நான்காவது நாட்டில். நாம் ஐந்தாவது. இதில் எந்த ஒரு போலீஸுக்கும் முழுப் பாதையும் தன் எல்லைக்குள் வராது.

இன்னொன்றும் உண்டு. சாலை அரசுடையது, அதனால் போலீஸ் தடுப்பு போட முடிகிறது. இணையத்தின் கம்பி, சர்வர், இயங்குதளம், டொமைன் பதிவேடு எல்லாமே பெரும்பாலும் தனியார் கையில் இருக்கின்றன. கைது செய்யும் அதிகாரம் அரசிடம். தாக்குதல் நடப்பதை முதலில் பார்க்கும் கண்ணும், நிறுத்தும் சுவிட்சும் கம்பெனிகளிடம். ஒருவர் இல்லாமல் மற்றவரால் பாதி வேலைதான் முடியும்.

இது உண்மையில் நடந்திருக்கிறதா? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

கான்ஃபிக்கர் என்ற வைரஸ். நான் கண்ணால் பார்த்தது என்பதால் அதையே சொல்கிறேன்.

விண்டோஸில் இருந்த ஒரு மோசமான ஓட்டையை அடைக்க 2008 அக்டோபர் 23 அன்று மைக்ரோசாஃப்ட் வழக்கமான நாளுக்குக் காத்திராமல் அவசர அப்டேட் ஒன்றை வெளியிட்டது. அடுத்த மாதமே அந்த ஓட்டை வழியாகப் பரவும் வைரஸ் வந்துவிட்டது. அப்டேட் போட்டவர்கள் தப்பித்தார்கள். போடாதவர்கள் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் இருந்தார்கள். 2009 ஜனவரியில் எஃப்-செக்யூர் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் மதிப்பீடு ஏறத்தாழ 90 லட்சம் கணினிகள். பிரெஞ்சுக் கடற்படையின் நெட்வொர்க்கிலும், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு மருத்துவமனைகளிலும் அது புகுந்தது.

எனக்கு அது அறிமுகமானது ஒரு பம்ப் தயாரிக்கும் கம்பெனியில். திங்கள்கிழமை காலை போனால் யாராலும் கணினிக்குள் நுழைய முடியவில்லை. எல்லாருடைய கணக்கும் லாக் ஆகியிருந்தது. வைரஸ் இரவெல்லாம் பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துப் பார்த்ததன் விளைவு. செய்தித்தாள் தளங்கள் திறந்தன, ஜிமெயில் திறந்தது, ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் தளங்கள் மட்டும் திறக்கவில்லை. உள்ளே வந்த வழி, கணக்குப் பிரிவில் டேலி பேக்கப் எடுத்துப் போகும் பென் டிரைவ். அதைச் செருகினால் வரும் சின்னப் பெட்டியில் "கோப்புறையைத் திற" என்று ஆங்கிலத்தில் ஒன்றுக்கு இரண்டு வரிகள் இருந்தன. மேலே இருந்த வரிக்கும் அதே மஞ்சள் கோப்புறைப் படம்தான். அதைத்தான் எல்லாரும் அமுக்குவார்கள். அமுக்கினால் வைரஸ் ஓடும். அந்தக் கணக்கரை இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். நானே அமுக்கியிருப்பேன்.

சரி, அதை எப்படிக் கட்டுப்படுத்தினார்கள்?

இங்கேதான் கூட்டு முயற்சி வருகிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வைரஸ் உள்ளே புகுந்த பிறகு தன் எஜமானிடம் உத்தரவு கேட்க வேண்டும். ஒரே முகவரியில் கேட்டால் அந்த முகவரியை முடக்கிவிடலாம். அதனால் கான்ஃபிக்கர் அன்றைய தேதியை வைத்து ஒரு கணக்குப் போட்டு, தினமும் 250 புது டொமைன் பெயர்களை உருவாக்கும். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு கணினியும் அதே கணக்கைப் போடுவதால் எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல் கிடைக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் எஜமான் பதிவு செய்து வைத்தால் போதும். திருடனுக்கு ஒரு வாசல் திறந்திருந்தால் போதும், காவல்காரர் 250 வாசலையும் பூட்ட வேண்டும் என்ற நிலை.

ஆராய்ச்சியாளர்கள் வைரஸைப் பிரித்து மேய்ந்து அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். தேதி தெரிந்தால் நாளைக்கு வரப்போகும் 250 பெயர்களும் இன்றைக்கே தெரியும் அல்லவா? அவற்றை முந்திக்கொண்டு தாங்களே பதிவு செய்தார்கள். ரிக் வெஸ்ஸன் என்ற ஆராய்ச்சியாளர் ஆரம்பத்தில் தன் சொந்தப் பணத்தைப் போட்டே பெயர்களை வாங்கினார். அப்படி வாங்கிய முகவரிகளை ஆராய்ச்சியாளர்களின் சர்வருக்குத் திருப்பிவிட்டால், பாதிக்கப்பட்ட கணினிகள் வந்து கதவைத் தட்டும், உத்தரவு கிடைக்காது. எந்த நாட்டில் எத்தனை கணினிகள் என்ற எண்ணிக்கையும் கிடைக்கும். இதற்குத் துறையில் சிங்க்ஹோல் என்று பெயர்.

தனி ஆளின் பணத்தில் எத்தனை நாள் ஓடும்? 2009 பிப்ரவரி 12 அன்று மைக்ரோசாஃப்ட் கூட்டணியை வெளிப்படையாக அறிவித்தது. வைரஸை எழுதியவர்களைப் பிடிக்கத் துப்புக் கொடுப்பவருக்கு 2.5 லட்சம் டாலர் பரிசு என்றும் சொன்னது. டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன், டாட் காம் பதிவேட்டை நடத்தும் வெரிசைன், சீனாவின் டொமைன் பதிவேடான சிஎன்என்ஐசி, ஆன்டிவைரஸ் கம்பெனிகளான சைமன்டெக், எஃப்-செக்யூர், மால்வேரைக் கண்காணிக்கும் ஷேடோசர்வர் அமைப்பு, ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் என்று பலர் சேர்ந்தார்கள். சந்தையில் ஒருவரோடு ஒருவர் மோதும் கம்பெனிகள் ஒரே மின்னஞ்சல் குழுவில் உட்கார்ந்து வைரஸின் மாதிரிகளைப் பகிர்ந்துகொண்டன.

எதிராளி சும்மா இருக்கவில்லை. மார்ச் மாதம் வந்த புது வடிவம், ஏப்ரல் 1 முதல் தினமும் 50,000 பெயர்களை உருவாக்கும் என்று தெரியவந்தது. அதுவும் டாட் காம் மட்டுமல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் பின்னொட்டுகளில். இருந்தது மூன்று வாரம்கூட முழுசாக இல்லை. ஒவ்வொரு நாட்டுப் பதிவேட்டையும் தேடிப் பிடித்து, "இந்தப் பெயர்களை யாருக்கும் விற்காதீர்கள்" என்று கேட்க வேண்டும். அவர்களைக் கட்டாயப்படுத்த யாருக்கும் சட்ட அதிகாரம் இல்லை. கேட்டார்கள்; பெரும்பாலானோர் சம்மதித்தார்கள். என் பார்வையில் இந்தக் கதையிலேயே பெரிய விஷயம் அதுதான். நூற்றுச் சொச்சம் நாடுகள், எந்த ஒப்பந்தமும் இல்லாமல், முகம் தெரியாதவர்களின் ஒரு மின்னஞ்சலை நம்பி வேலை செய்தன.

அதற்கு முந்தைய 250 பெயர்ப் பட்டியல்களில் உண்மையான முகவரிகளும் தற்செயலாக மாட்டிக்கொண்டதுண்டு. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் வைத்திருந்த ஒரு முகவரி 2009 மார்ச் 13-ஆம் தேதிக்கான பட்டியலில் இருந்தது. அன்றைக்கு லட்சக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் வந்து தட்டினால் தளம் படுத்துவிடும். இதையும் முன்கூட்டியே கண்டுபிடித்து எச்சரித்தார்கள்.

ஏப்ரல் 1 அன்று என்ன ஆனது? ஜெயித்தார்களா?

அன்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஊடகங்கள் "சும்மா பயமுறுத்தினார்கள்" என்று எழுதின. ஆனால் புது வடிவத்துக்கு இன்னொரு வழியும் இருந்தது: பாதிக்கப்பட்ட கணினிகள் டொமைன் இல்லாமலே ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து அந்த வழியாக ஸ்பேம் அனுப்பும் நிரலும், போலி ஆன்டிவைரஸும் இறங்கின.

ஆக, முழு வெற்றி என்று சொன்னால் பொய். வாசலைப் பூட்டினார்கள், வீட்டுக்குள் இருந்தவனை வெளியேற்ற முடியவில்லை. 2011 ஜூனில் உக்ரைனில் போலி ஆன்டிவைரஸ் விற்ற ஒரு கும்பல் பிடிபட்டது. அவர்கள் கான்ஃபிக்கரைப் பயன்படுத்தியதாக அந்நாட்டுப் பாதுகாப்புச் சேவை சொன்னது. வைரஸை எழுதிய கைகளுக்குத் தண்டனை கிடைத்ததில்லை.

அந்த அனுபவத்தைப் பற்றி அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் நிதியில் ஒரு அறிக்கை தயாராகி 2011-இல் வெளியானது. அதில் என்னைத் தைத்தது ஒரு குறை: அரசு அமைப்புகள் தகவலை வாங்கிக்கொண்டன, பதிலுக்கு ஒன்றும் தரவில்லை என்பது உறுப்பினர்களின் வருத்தம். வாங்குகிற கை கொடுக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை கூப்பிட்டால் யார் வருவார்கள்?

கூட்டு வேலை சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும்?

2016 பிப்ரவரி, பங்களாதேஷ் மத்திய வங்கி. இதை நான் வகுப்பில் காலண்டரை வைத்துத்தான் சொல்வேன்.

பிப்ரவரி 4, வியாழன் இரவு. வங்கிகள் ஒன்றுக்கொன்று பண உத்தரவு அனுப்பப் பயன்படுத்தும் வலையமைப்பு ஸ்விஃப்ட். பங்களாதேஷ் வங்கியின் ஸ்விஃப்ட் கணினிக்குள் நுழைந்தவர்கள், அமெரிக்க மத்திய வங்கியின் நியூயார்க் பிரிவான நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் இருந்த வங்கியின் கணக்கிலிருந்து பணம் அனுப்பச் சொல்லி 35 உத்தரவுகளை அனுப்பினார்கள். மொத்தம் 95.1 கோடி டாலர். மறுநாள் வெள்ளி, டாக்காவில் வார விடுமுறை. ஸ்விஃப்ட் செய்திகளைத் தானாக அச்சடிக்கும் பிரிண்டர் வேலை செய்யவில்லை. பிரிண்டர்தானே, வழக்கமான கோளாறு என்று விட்டார்கள். அதைச் சரிசெய்து விஷயம் புரிந்து நியூயார்க்கைத் தொடர்பு கொண்டபோது அங்கே சனி, ஞாயிறு விடுமுறை. மணிலாவில் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குச் சொல்லலாம் என்றால், திங்கள் பிப்ரவரி 8 சீனப் புத்தாண்டு விடுமுறை. செவ்வாய்க்கிழமை வங்கி திறந்தது; பணத்தை எடுத்துவிட்டார்கள். 8.1 கோடி டாலர் அங்கிருந்து சூதாட்ட விடுதிகளுக்குள் போனது. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் பிலிப்பைன்ஸ் சட்டத்துக்குள் அன்றைக்கு சூதாட்ட விடுதிகள் வரவில்லை.

35-இல் 30 உத்தரவுகளை நியூயார்க்கிலேயே நிறுத்திவிட்டார்கள். போனவை ஐந்து. நான்கு மணிலாவுக்கு. ஐந்தாவது இலங்கைக்கு, 2 கோடி டாலர். பெறுபவர் பெயரில் "ஃபவுண்டேஷன்" என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பிழையோடு "ஃபாண்டேஷன்" என்று அடித்திருந்தார்கள். இடையில் இருந்த டாய்ச்சு வங்கியில் யாரோ ஒருவர் அதைக் கவனித்து விளக்கம் கேட்டார். அந்தப் பணம் தப்பித்தது. 2 கோடி டாலரைக் காப்பாற்றியது ஒப்பந்தமும் இல்லை, மென்பொருளும் இல்லை. சந்தேகம் வந்ததும் கேட்ட ஒரு மனிதர்.

இதற்குப் பிறகு ஸ்விஃப்ட் தன் உறுப்பு வங்கிகள் எல்லாம் பின்பற்ற வேண்டிய பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. பிலிப்பைன்ஸ் 2017-இல் சூதாட்ட விடுதிகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இந்தக் கொள்ளையோடு தொடர்புபடுத்தி வட கொரியாவைச் சேர்ந்த ஒருவர் மீது 2018-இல் அமெரிக்கா குற்றம் சாட்டியது.

தமிழ்நாட்டில் இப்படி எதுவும் நடந்திருக்கிறதா?

கூடங்குளம் அணுமின் நிலையம், 2019. நிலையத்தின் கணினி ஒன்றில் மால்வேர் (வைரஸ் போன்ற கெடுதல் நிரல்) இருப்பதைக் கவனித்து செப்டம்பர் 4 அன்று தகவல் தந்தது இந்திய செர்ட். செர்ட்டுக்கும் முன்பே இதைக் கவனித்தவர்கள், அரசுக்கு வெளியே இருந்த ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் பார்த்ததை அரசின் காதில் போட்டிருந்தார்கள். அக்டோபர் கடைசியில் விஷயம் ட்விட்டரில் வெளியானது. 29-ஆம் தேதி நிலையத் தரப்பு மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கணினி, உலையை இயக்கும் நெட்வொர்க் தனி, அங்கே பாதிப்பில்லை என்று விளக்கமும் தந்தது.

தகவல் கைமாறிய விதம் நல்ல உதாரணம். அந்த ஒரு நாள் மறுப்பு கெட்ட உதாரணம். சுற்று வட்டார ஊர்க்காரர்கள் ஏற்கெனவே பயந்துபோய் இருக்கும் ஒரு விஷயத்தில், முதலில் "இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் "ஆமாம்" என்றால், அதற்குப் பின் சொல்லும் நிஜத்தைக்கூட யார் நம்புவார்கள்?

செர்ட் என்கிறீர்களே, அது என்ன?

கணினி அவசரங்களுக்கான தீயணைப்பு நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1988 நவம்பரில் மோரிஸ் வார்ம் என்ற, தானாகப் பரவும் நிரல் அன்றைய இணையத்தின் ஒரு பகுதியை முடக்கிய பிறகு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதல் செர்ட் தொடங்கியது. 1990-இல் இப்படிப்பட்ட குழுக்கள் எல்லாம் சேர்ந்து ஃபர்ஸ்ட் என்ற உலகக் கூட்டமைப்பை அமைத்தன. அரசுக் குழுக்களும் கம்பெனிக் குழுக்களும் அதில் சமமாக உறுப்பினர்கள். இந்திய செர்ட் 2004 முதலும் இலங்கை செர்ட் 2006 முதலும் இயங்குகின்றன.

இவர்கள் தகவல் பகிரும்போது போக்குவரத்து விளக்கு மாதிரி நிறம் குறிப்பார்கள். சிவப்பு என்றால் கேட்டவர் காதோடு சரி. ஆம்பர் என்றால் தன் நிறுவனத்துக்குள்ளும், தேவைப்பட்டால் வாடிக்கையாளருக்கும் சொல்லலாம். பச்சை என்றால் துறை நண்பர்களுக்குச் சொல்லலாம். இந்தச் சின்ன ஏற்பாடு இல்லாவிட்டால் எந்தக் கம்பெனி வக்கீலும் ஒரு வரியைக்கூட வெளியே விடமாட்டார்.

நாடுகளுக்கு இடையே சட்டபூர்வ ஒப்பந்தம் ஏதும் இல்லையா?

இருக்கிறது. 2001-இல் கையெழுத்துக்குத் திறந்த, சைபர் குற்றங்களுக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கை. இலங்கை 2015-இல் சேர்ந்தது. தெற்காசியாவில் முதல் நாடு. இந்தியா சேரவில்லை, விதிகளை எழுதும்போது எங்களைக் கேட்கவில்லையே என்பது இந்தியத் தரப்பின் நெடுநாள் வாதம். 2024 டிசம்பர் 24 அன்று ஐ.நா. பொதுச்சபை தனியாக ஒரு சைபர் குற்ற உடன்படிக்கையை ஏற்றது; 2025 அக்டோபரில் ஹனோயில் கையெழுத்துகள் தொடங்கின. மனித உரிமை அமைப்புகளும் பெரிய தொழில்நுட்பக் கம்பெனிகளும் ஒரே குரலில் இதை எதிர்த்தது அபூர்வம். நல்லெண்ணத்தோடு ஓட்டை தேடும் ஆராய்ச்சியாளர்களையே உள்ளே தள்ள இடம் கொடுக்கும் என்பது அவர்கள் பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. கான்ஃபிக்கரைப் பிரித்து மேய்ந்தவர்கள் அவர்கள்தானே.

தாக்கப்பட்டால் கம்பெனி அரசிடம் சொல்லியே ஆக வேண்டுமா?

இந்தியாவில் ஆம். 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய செர்ட்டுக்குச் சொல்ல வேண்டும். கணினிகளில் என்ன நடந்தது என்று காட்டும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கால அவகாசம் மிகக் குறைவு என்று உலகத் தொழில் அமைப்புகள் எழுதின. வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து ஆண்டு வைத்திருக்கச் சொன்னதால் இணையத்தில் ஆள் யார் என்பதை மறைக்க உதவும் சில விபிஎன் நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன.

ஆறு மணி நேரத்தில் ஒரு சின்னக் கம்பெனிக்கு என்ன நடந்தது என்றே புரியாது, அது நிஜம். ஆனாலும் சீக்கிரம் சொல்வது நல்லது என்பதே என் கட்சி. சொன்னவரைக் குற்றவாளி மாதிரி நடத்தாமல் இருந்தால்தான் அது நடக்கும்.

போலீஸ் என் கணினிக்குள் புகுந்து வைரஸை அழிக்கலாமா?

அழித்திருக்கிறார்கள். எமோடெட் என்ற மால்வேர் மின்னஞ்சல் இணைப்பாக வந்து உலகமெங்கும் பரவியிருந்தது. நெதர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா, இங்கிலாந்து, உக்ரைன் உள்ளிட்ட எட்டு நாட்டுப் போலீஸார் சேர்ந்து அதன் சர்வர்களைக் கைப்பற்றியதை 2021 ஜனவரி 27 அன்று அறிவித்தார்கள். பிறகு ஜெர்மன் போலீஸ் அதே சர்வர்கள் வழியாக ஒரு அப்டேட் அனுப்பியது. ஏப்ரல் 25 அன்று எமோடெட் தன்னைத்தானே நீக்கிக்கொண்டது. கணினிக்குச் சொந்தக்காரர்களை யாரும் கேட்கவில்லை.

நல்லதுதான் செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கு வேறொரு அரசு வேறொரு காரணத்துக்காக அதே கதவைத் திறந்தால்? நீதிமன்ற அனுமதியும், என்ன செய்தோம் என்ற வெளிப்படையான அறிக்கையும் கட்டாயம் வேண்டும் என்று நினைக்கிறேன். அப்புறம், அந்த ஆண்டு நவம்பரிலேயே எமோடெட் திரும்பி வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கிவிட்டது. பணம் கட்டலாமா?

கட்டுவதற்கு முன் "நோ மோர் ரான்சம்" தளத்தைப் பாருங்கள். 2016 ஜூலையில் டச்சுப் போலீஸ், ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோல், இன்டெல் செக்யூரிட்டி, காஸ்பர்ஸ்கி சேர்ந்து தொடங்கியது. பூட்டப்பட்ட கோப்பு ஒன்றை ஏற்றினால் எந்த வகை என்று சொல்லும்; சாவி கிடைத்த வகை என்றால் இலவசமாகத் திறக்கும் கருவி தரும். எல்லா வகைக்கும் சாவி கிடையாது. இல்லையென்றாலும் பூட்டிய கோப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள். பின்னாளில் சர்வர்கள் பிடிபட்டு, சாவிகள் வெளியே வந்த வழக்குகள் உண்டு.

ஏமாந்து பணத்தை இழந்துவிட்டால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பங்களாதேஷ் காலண்டரை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது பத்துக் கணினி உள்ள கம்பெனி. இந்த உலக விவகாரத்தில் எங்களுக்கு என்ன பங்கு?

கான்ஃபிக்கர் தாக்கிய கணினிகளில் உங்களுடையதைப் போன்றவையும் உண்டு. ஆபீஸ் கணினிகளில் தானியங்கி அப்டேட்டை அணைக்காதீர்கள். பழைய விண்டோஸில் ஓடும் சிஎன்சி இயந்திரத்தை மாற்ற முடியாதென்றால், அதை இணையத்திலிருந்து பிரித்துத் தனி நெட்வொர்க்கில் வையுங்கள்.

உங்கள் இணைய இணைப்புக்கு நிலையான ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். கான்ஃபிக்கர் காலத்தில் சிங்க்ஹோலுக்கு வந்து தட்டிய கணினிகளை எண்ணியவர்களில் ஒருவரான ஷேடோசர்வர் இன்றும் இயங்குகிறது. லாப நோக்கமில்லாத அமைப்பு. உங்கள் முகவரியிலிருந்து மால்வேர் பேசுகிறதா, தேவையில்லாத கதவு எதுவும் திறந்திருக்கிறதா என்று தினமும் இலவசமாக அறிக்கை அனுப்பும். முகவரி உங்களுடையதுதான் என்று உறுதிசெய்த பிறகுதான் தருவார்கள். அதனால் அடுத்தவர் உங்கள் குறையைப் பார்க்க முடியாது. நான் பராமரிக்கும் கம்பெனி ஒன்றுக்கு இப்படி வந்த மூன்றாவது நாள் அறிக்கையில் ஒரே ஒரு வரி இருந்தது. தேடிப் போய்ப் பார்த்தால், கிடங்கின் மூலையில் எல்லாரும் மறந்துபோன கேமரா ரெக்கார்டர், தூசி படிந்து, இணையத்தைப் பார்த்துத் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.